சென்னை – சிங்கப்பூர்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? முதன்முதலாக விமானம் ஏறுபவர்களுக்கு

எங்கள் அத்தை முதன்முதலாக வெளிநாடு கிளம்பியபோது வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து நடந்தது. மகள் சிங்கப்பூரில், மகன் துபாயில். இரண்டு பேருமே "முதலில் என்னிடம்தான் வரணும்" என்று விமான நேரங்களைப் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். சிங்கப்பூர் விமானம் காலை 10:00 மணிக்குக் கிளம்பி மாலை 4:45க்கு இறங்குகிறது. துபாய் விமானமும் காலை 10:00 மணிக்குத்தான் கிளம்புகிறது. ஆனால் மதியம் 12:50க்கே இறங்கிவிடுகிறது. அத்தை விரல்விட்டு எண்ணினார். "துபாய் மூணு மணி நேரம்கூட இல்லை. சிங்கப்பூர் ஏழு மணி நேரம். என் முட்டி தாங்காதுப்பா, தம்பிகிட்டயே போயிடறேன்" என்றார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,920 கி.மீ. சென்னையிலிருந்து துபாய் ஏறக்குறைய 2,930 கி.மீ. ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. நடுவில் நம்ம சென்னை. பறக்கும் நேரமும் இரண்டுக்கும் நாலேகால் மணியை ஒட்டித்தான். டிக்கெட்டில் இருக்கிற இரண்டு மணிகளைக் கழித்துப் பார்த்ததுதான் அத்தையை ஏமாற்றியது. அவர் மட்டுமில்லை, முதல் தடவை போகிற பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அதனால் அன்று அத்தைக்குச் சொன்னதையே சென்னை – சிங்கப்பூர் பயணத்தை வைத்துப் படிப்படியாக எழுதுகிறேன். வேறு எந்த இரண்டு ஊருக்கும் இதே முறை பொருந்தும்.

முதல் படி: ஊரை விட்டுவிட்டு விமான நிலையத்தைப் பிடியுங்கள்

"சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு தூரம்" என்று தேடினால் சில இடங்களில் ஒரு எண் வரும், வேறு இடத்தில் கொஞ்சம் மாறி வரும். நகரத்தின் நடுவிலிருந்து அளப்பவர்களும் உண்டு, விமான நிலையத்திலிருந்து அளப்பவர்களும் உண்டு. பயணிக்கு வேண்டியது விமான நிலையக் கணக்குதான். சென்னை என்றால் மீனம்பாக்கம், அதன் குறியீடு எம்.ஏ.ஏ. சிங்கப்பூர் என்றால் சாங்கி, அதன் குறியீடு எஸ்.ஐ.என். டிக்கெட்டில் இந்த மூன்றெழுத்துகளைத் தேடிப் பாருங்கள். கூடவே எந்த டெர்மினல் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சாங்கியில் நான்கு டெர்மினல்கள் இருக்கின்றன. நான்காவது மற்ற மூன்றிலிருந்தும் தள்ளி இருக்கிறது, பஸ் பிடித்துத்தான் போக வேண்டும். உங்களை அழைத்துப்போக வருகிறவர் தவறான டெர்மினலில் நின்றால் அரை மணி நேரம் அங்கேயே போய்விடும்.

இரண்டாம் படி: தூரத்தைப் புரிந்துகொள்வது

சாலை வழியில் பழகிய நமக்கு, கிலோமீட்டர் என்றால் வளைந்து நெளிந்து போகிற வழியின் நீளம். விமானத்துக்குச் சொல்லப்படுவது பூமி உருண்டையின்மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறைந்த தூரம். வீட்டில் குழந்தைகளின் பூமி உருண்டை இருந்தால் ஒரு நூலைச் சென்னையில் வைத்துச் சிங்கப்பூர்வரை இழுத்துப் பிடியுங்கள். நூல் எங்கே படுகிறதோ அதுதான் வழி. தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் கிட்டத்தட்ட சரியாக வரும். லண்டன், நியூயார்க் மாதிரி தொலைவான ஊர்களுக்குத்தான் பெரிய வித்தியாசம் தெரியும்.

அந்த நூல் போகும் வழியைக் கொஞ்சம் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. சென்னையை விட்டதும் வங்காள விரிகுடா. பாதி தூரம் தாண்டியதும் கிரேட் நிக்கோபார் தீவின் பக்கம். அடுத்து சுமத்ராவின் வடக்கு முனை. அப்புறம் மலாக்கா நீரிணையை ஒட்டியே போய்ச் சிங்கப்பூர். முதலாம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் நிக்கோபார். இலாமுரிதேசம் வடக்குச் சுமத்ரா. கடாரம் மலாக்கா நீரிணைக் கரையில் உள்ள இன்றைய கெடா. 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பில் அந்தக் கப்பல்கள் தொட்ட இடங்களின் ஓரமாகத்தான் நீங்கள் நாலு மணி நேரத்தில் போகிறீர்கள். பகல் விமானமாக இருந்து ஜன்னல் சீட்டும் கிடைத்தால் தூங்காதீர்கள்.

நிஜத்தில் விமானம் நூல் பிடித்தாற்போல் போவதில்லை. வானிலும் பாதைகள் உண்டு, மழை மேகத்தைச் சுற்ற வேண்டியிருக்கும், இறங்கும் இடத்தில் ஓடுபாதையின் திசைக்கு ஏற்றபடி வளைய வேண்டியிருக்கும். அதனால் பறக்கிற தூரம் நேர்கோட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

இன்னொன்று. சீட்டுக்கு முன்னால் உள்ள திரையில் தூரம் மைலில் வந்தால் அது எந்த மைல் என்று பாருங்கள். விமானிகளின் அளவு கடல் மைல், ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. நம் 2,920 கி.மீ. அந்த அளவில் 1,577 கடல் மைல் ஆகும்.

மூன்றாம் படி: தூரத்தை நேரமாக்குவது

பெரிய ஜெட் விமானங்கள் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில், மணிக்கு 800 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன. ஆனால் அந்த வேகம் முழுப் பயணத்துக்கும் கிடையாது. ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகத்தான் போகும். தரையில் ஓடுபாதைக்கு உருண்டு போவதும், முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பதும் வேறு.

அதனால் நான் வைத்திருக்கும் கைக்கணக்கு இதுதான்: கிலோமீட்டரை 800ஆல் வகுத்து, அதோடு அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2,920ஐ 800ஆல் வகுத்தால் 3.65. அதாவது 3 மணி 39 நிமிடம். அரை மணி சேர்த்தால் 4 மணி 9 நிமிடம். டிக்கெட்டுகளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் நாலேகாலிலிருந்து நாலரை மணிக்குள் இருக்கும். போதும், இவ்வளவு நெருங்கினால் நமக்குப் போதும்.

சிறிய தூரத்துக்கு இதே கணக்கு ஒரு உண்மையைக் காட்டும். சென்னை – கொழும்பு ஏறக்குறைய 650 கி.மீ. 800ஆல் வகுத்தால் 50 நிமிடம்கூட வராது. ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் இருக்கும். தூரம் குறையக் குறைய, ஏறி இறங்கும் நேரமே பெரும்பகுதி ஆகிவிடுகிறது. தூரம் நாலரை மடங்கு கூடினாலும் நேரம் மூன்று மடங்குதான் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குத் துறையில் பிளாக் டைம் என்று பெயர். விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, அந்த ஊரில் போய்ச் சேர்ந்து முழுதாக நிற்கும் நொடிவரை உள்ள நேரம் அது. காற்றில் இருக்கும் நேரம் அதைவிடக் குறைவு. "நாலேகால் மணின்னு போட்டிருக்கு, பைலட் மூணே முக்கால்னு சொல்றாரே" என்று குழம்ப வேண்டாம். அவர் பறக்கும் நேரத்தை மட்டும் சொல்கிறார். நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டு வைப்பதால் பல நாட்கள் முன்கூட்டியே இறங்குவதும் உண்டு.

நான்காம் படி: இரண்டு கடிகாரத்தை ஒன்றாக்குவது

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து பேப்பரும் பேனாவும் வைத்துச் செய்யுங்கள். மனக்கணக்கு வேண்டாம்.

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் நேரம். இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். எந்த நிறுவனம், எந்த நாடு என்றாலும் இதுதான் வழக்கம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. எனவே இறங்கும் நேரத்தை முதலில் இந்திய நேரமாக மாற்றுங்கள், அப்புறம் கழியுங்கள்.

சிங்கப்பூர்: இறங்குவது அங்கே மாலை 4:45. இரண்டரை மணியைக் கழித்தால் இந்திய நேரம் மதியம் 2:15. கிளம்பியது 10:00. ஆக 4 மணி 15 நிமிடம்.

துபாய்: இறங்குவது அங்கே மதியம் 12:50. ஒன்றரை மணியைக் கூட்டினால் இந்திய நேரம் 2:20. கிளம்பியது 10:00. ஆக 4 மணி 20 நிமிடம்.

அத்தை பேப்பரை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவர் "பக்கம்" என்று நினைத்த துபாய் ஐந்து நிமிடம் அதிகம்!

சிங்கப்பூரின் கடிகாரம் பற்றி ஒரு சிறு விஷயம். சூரியனை மட்டும் பார்த்தால் அந்த ஊர் நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் முன்னால் இருக்க வேண்டும். 1981 வரை இரண்டு மணி நேர வித்தியாசம் இருந்தது. 1982 ஜனவரி 1ஆம் தேதி மலேசியாவோடு சேர்ந்து அரை மணி நேரம் கடிகாரத்தை முன்னால் தள்ளினார்கள். அதனால்தான் அங்கே காலை ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. ஆறு மணிக்கு இறங்குகிறவர்கள் "விடிந்திருக்கும், வெளிச்சம் இருக்கும்" என்று நினைத்துப் போகாதீர்கள். நல்ல இருட்டாகத்தான் இருக்கும்.

போனில் உள்ள மணியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஏரோப்ளேன் மோடில் இருக்கும்வரை அது பெரும்பாலும் பழைய ஊர் நேரத்தையே காட்டும். இறங்கி நெட்வொர்க் கிடைத்த பிறகுதான் மாறும். கையில் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்வது நல்லது. இன்சுலின், பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் எந்த ஊர் மணிப்படி எடுப்பது என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தேதி

என் சித்தப்பா மகன் ஒருவன் முதல் வேலைக்குச் சிங்கப்பூர் கிளம்பினான். டிக்கெட்டில் 14ஆம் தேதி 00:40 என்று இருந்தது. 14ஆம் தேதி சாயங்காலம் வீட்டில் எல்லோரும் கூடி, சாமி கும்பிட்டு, திருநீறு பூசி, இரண்டு வேன் வைத்து விமான நிலையம் போனோம். விமானம் ஏறக்குறைய இருபது மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டிருந்தது. நள்ளிரவு தாண்டி 40 நிமிடம் என்றால் 13ஆம் தேதி இரவே வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். புது டிக்கெட்டுக்குச் சித்தப்பா அன்று இரவே கடன் வாங்கினார். அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

தென்னிந்தியாவிலிருந்து கிழக்கே போகும் விமானங்கள் நிறைய இரவு 11 மணிக்கும் அதிகாலை 2 மணிக்கும் நடுவே கிளம்புகின்றன. உங்கள் டிக்கெட்டில் மணி 00, 01, 02 என்று தொடங்கினால் உடனே காலண்டரில் முந்தைய நாள் கட்டத்தில் பெரிதாக எழுதுங்கள்: "இன்று இரவு விமான நிலையம்." இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால் மறுநாள் இறங்குகிறது என்று பொருள். இரவு 11:15க்குக் கிளம்பும் விமானம் மறுநாள் காலை 6:00க்கு இறங்கும் என்றால் அதுவும் நம் 4 மணி 15 நிமிடம்தான், கழித்துப் பாருங்கள்.

ஆறாம் படி: காற்று

போகும்போதும் வரும்போதும் தூரம் ஒன்றுதான், நேரம் மட்டும் கொஞ்சம் வேறாக இருக்கும். காரணம் உயரத்தில் வீசும் காற்று. வட இந்தியா, அரபு நாடுகள் பக்கம் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று ஓடுகிறது. அதனால் துபாயிலிருந்து சென்னை வருவது, போவதைவிடச் சீக்கிரம் முடியும். சிங்கப்பூர் பக்கம் கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர்வரை, தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில், தென்னிந்தியாவின் மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று ஓடுகிறது. 1950களில் இதைக் கண்டு சொன்னவர் பி. கோட்டீஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை விஞ்ஞானி. அந்த மாதங்களில் சென்னைக்குத் திரும்பும் விமானத்துக்கு முதுகில் தள்ளுகிற காற்று கிடைக்கும்.

எவ்வளவு வித்தியாசம் வரும்? விமானம் காற்றுக்குள் 850 கி.மீ. வேகத்தில் போகிறது, எதிர்க்காற்று 50 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தரைக் கணக்கில் 800தான் நகரும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 900. நம் தூரத்துக்கு இது ஏறக்குறைய 25 நிமிட வித்தியாசம்.

ஏழாம் படி: இடையில் மாறி ஏறுவது

விலை குறைவாக இருக்கிறதே என்று கொழும்பு வழி, கோலாலம்பூர் வழி டிக்கெட் எடுப்பவர்கள் இந்தக் கணக்கை அவசியம் பார்க்க வேண்டும்.

கொழும்பு வழியாகப் போனால் மொத்தம் ஏறக்குறைய 3,400 கி.மீ. நேர் வழியைவிட 480 கி.மீ. கூடுதல். கோலாலம்பூர் இன்னும் வேடிக்கை. சென்னை – கோலாலம்பூர் ஏறக்குறைய 2,630, அங்கிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 300. கூட்டினால் 2,930. நேர் வழியோடு ஒப்பிட்டால் பத்து கிலோமீட்டர்தான் கூடுதல், ஏனென்றால் கோலாலம்பூர் அந்த நூலின் மேலேயே இருக்கிறது. தூரம் கூடவே இல்லை. நேரம்? சென்னை – கோலாலம்பூர் கிட்டத்தட்ட நாலு மணி, அடுத்த 300 கி.மீ.க்கு இன்னொரு ஒரு மணி நேரம், நடுவில் காத்திருப்பு இரண்டு மணியோ ஏழு மணியோ. நாலேகால் மணிப் பயணம் ஏழு, பன்னிரண்டு என்று நீண்டுவிடும்.

டிக்கெட் வாங்கும் இடத்தில் "மொத்தப் பயண நேரம்" என்று ஒன்று இருக்கும். விலையோடு சேர்த்து அதைத்தான் பார்க்க வேண்டும். முதல் தடவை தனியாகப் போகும் பெரியவர்களுக்கு, சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் இடையில் நிற்காத விமானமே எடுங்கள் என்பேன். கட்டாயம் மாறி ஏற வேண்டும் என்றால் இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது விமானக்காரர் பொறுப்பேற்க மாட்டார். பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டு விசாவே தேவைப்படலாம். "டைரக்ட்" என்ற சொல்லையும் கவனியுங்கள். விமான எண் மாறாமல் நடுவில் ஓர் ஊரில் நின்று போவதையும் அப்படிச் சொல்வதுண்டு. "நான்-ஸ்டாப்" என்று இருந்தால்தான் நடுவில் நிற்காது.

எட்டாம் படி: வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை

என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான பயண நேரம். மற்றதெல்லாம் இதில் ஒரு பகுதி.

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும். பெட்டி போடும் கவுன்ட்டரைப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் வாசலில் நின்று கெஞ்சினாலும் ஏற்ற மாட்டார்கள். இறங்கிய பிறகு குடிநுழைவு, பெட்டி, வெளியே வருவது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். சாங்கியிலிருந்து நகரம் 20 கி.மீ.தான், டாக்ஸியில் அரை மணி.

இப்போது தஞ்சாவூர்க்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு வர ஏழு மணி நேரம், விமான நிலையத்தில் மூன்று, பறக்க நாலேகால், வெளியே வர ஒன்று, வீடு சேர அரை அல்லது முக்கால். ஆக 16 மணி நேரம். அதே ஆள் திருச்சியில் ஏறினால்? திருச்சி – சிங்கப்பூர் ஏறக்குறைய 2,980 கி.மீ., சென்னையைவிட 60 கி.மீ. அதிகம், அவ்வளவுதான். நேரடி விமானம் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்குள். மொத்தம் பத்தரை மணி நேரத்தில் மகள் வீட்டில் சாப்பிட உட்காரலாம். டெல்டா, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் உள்ளவர்கள் பழக்கத்தில் சென்னைக்கு ஓடாமல், முதலில் திருச்சியைப் பாருங்கள். கொங்குப் பக்கத்தவர்கள் கோயம்புத்தூரைப் பாருங்கள்.

சென்னைக்குள் இருப்பவர்களுக்கு மெட்ரோ நல்ல வசதி, விமான நிலையம்வரை போகிறது. ஆனால் நள்ளிரவில் ஓடாது. அதிகாலை விமானத்துக்கு வண்டியை முதல் நாளே பேசி வையுங்கள். சாங்கியிலும் ரயில் உண்டு, அதுவும் நள்ளிரவுக்கு முன் நின்றுவிடும்.

சிங்கப்பூருக்குள் நுழைய எஸ்.ஜி. அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். விசா வேறு, இது வேறு, இரண்டும் வேண்டும். அந்த நாட்டு அரசின் குடிநுழைவுத் துறைத் தளத்தில் அதை நிரப்பக் காசு கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: திரும்பும் கணக்கு

வரும்போது எல்லாம் தலைகீழாகத் தெரியும். சிங்கப்பூரில் இரவு 8:00க்குக் கிளம்பி சென்னையில் இரவு 9:45க்கு இறங்குவதாக டிக்கெட் சொல்லும். ஒன்றேமுக்கால் மணி நேரமா? இல்லை. 9:45 இந்திய நேரம் என்பது சிங்கப்பூரில் நள்ளிரவு 12:15. அதே 4 மணி 15 நிமிடம். உங்கள் வயிறும் கண்ணும் சிங்கப்பூர் நேரத்தில்தான் இருக்கும், அதனால் விமானத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

அத்தை கடைசியில் சிங்கப்பூருக்குத்தான் முதலில் போனார். கிளம்பும்போது ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி அவர் கைப்பையில் வைத்தேன்: விமான எண், டெர்மினல், கிளம்பும் தேதியும் நேரமும் இந்தியக் கணக்கில், இறங்கும் தேதியும் நேரமும் சிங்கப்பூர்க் கணக்கில், மகளின் போன் எண். அதே அட்டையின் படத்தை மகளுக்கும் அனுப்பினேன், "இறங்கிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வருவார், பதறாதே" என்று சேர்த்து. உங்கள் வீட்டுப் பெரியவர் கிளம்பினாலும் இப்படி ஒரு அட்டை எழுதிக் கொடுங்கள்.